தல்லி என்றால் தள்ளி இல்லை

போன வாரம் இசிஜி எடுக்கப் படுத்திருந்தேன். நர்ஸ் நெஞ்சில் களிம்பைத் தடவிய சில்லிப்பில் உன் ஞாபகம் வந்தது. என் மகள் கீதாவின் தலைமுடியை வகிர்ந்து நீ தடவியதும் இப்படி ஒரு களிம்புதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஓசூரில், பாகலூர் சாலையில் உன் மாடியறை. கல்லூரித் தோழன் நீ; உளவியல் படித்துவிட்டுப் பெங்களூரிலிருந்து மூளை அலைகளை அளக்கும் ஒரு கருவியோடு வந்திருந்தாய். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஆலை வேலைக்கு வந்தவன் நான். அவளுக்கு இருப்பது ஆட்டிசம் என்று முதலில் சொன்னவன் நீ. என் சொந்தக்காரர்கள் அதற்கு வைத்திருந்த பெயர்களை எழுத விரும்பவில்லை.

அவள் தலையில் ஒயர்களை ஒட்டுவாய். மூளையின் அலை சீராக இருந்தால் திரையில் ரயில் ஓடும், கலைந்தால் நிற்கும். "மெஷின் உக்கார வெக்கும், அவ்ளோதாம்ப்பா. மனுசங்களோட பழக்கறது நம்ம வேலை" என்பாய்.

பள்ளியில் கெடு வைத்திருந்தார்கள். கீதா சுவரோரம் தனியாகத்தான் உட்காருவாள். பொங்கலுக்குள் மற்ற பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காராவிட்டால் அழைத்துப் போய்விடுங்கள் என்றார் தலைமையாசிரியை.

ரயில் ஓடும்போதெல்லாம் நீ "பலே தல்லி!" என்பாய். உடனே அவள் நாற்காலியோடு பின்னால் நகர்வாள். ஒயர் இழுபடும், ரயில் நிற்கும். நீ களிம்பை மாற்றினாய், ஒயரை மாற்றினாய். ஒன்றும் நடக்கவில்லை.

"ஏம்ப்பா, தல்லின்னா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க தெலுங்குல அம்மான்னு அர்த்தம். செல்லமா கூப்பிடறது. ஏன்?"

"அவ காதுல 'தள்ளி'ன்னு விழுதுடா. தள்ளி நில்லு, தள்ளிப் போ. கல்யாண வீட்ல, பஸ்ல, அவ அதிகமா கேட்ட வார்த்தையே அதுதான்."

நீ தலையில் கை வைத்துக்கொண்டாய். "அய்யோ, கொஞ்சறதா நெனச்சுத் தொரத்திட்டு இருந்திருக்கேனே!"

அந்தச் சொல்லை விட்டுவிடு என்றேன். "எத்தனை பேர் வாயை மூடுவே? அர்த்தத்தை மாத்திடலாம்" என்றாய். அன்றிலிருந்து தல்லி என்று சொல்லும்போதெல்லாம் உன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாய். மார்கழியில் ஒருநாள், சொன்னதும் அவளே நாற்காலியை இழுத்துக்கொண்டு உன்னிடம் வந்தாள்.

பொங்கலுக்கு முன் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். நீயும் கூட வந்தாய்.

"பக்கத்துப் பொண்ணு தள்ளி உக்காருன்னா, உங்க பொண்ணு இன்னும் ஒட்டி ஒட்டி உக்காருது சார். ஒரே கம்ப்ளெயின்ட்."

"பெஞ்சுலதானே மேடம்?" என்றாய் நீ.

கீதா அங்கேயே படித்தாள்.

அது கருவியின் வேலையா, நாற்காலியின் வேலையா, எனக்கு இன்றும் தெரியாது. நீயும் அடித்துச் சொன்னதில்லை.

அவளை விலக்கி நிறுத்திய அதே சொந்தங்கள் இப்போது கல்யாணப் பத்திரிகை கொண்டு வருகிறார்கள். எல்லாரும் என்னிடம் பழசை மறந்துவிடு என்கிறார்கள். நீ ஒருவன்தான் சொல்லவில்லை. உன் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது, "கோவம் உன்னோடது, வெச்சுக்கோ. கல்யாணத்துக்கு அவளைக் கூட்டிட்டுப் போ" என்றாய்.

கூட்டிக்கொண்டு போகிறேன். அவள் பந்தியில் எல்லாரோடும் இடித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நான் யாரோடும் பேசாமல், அவள் செருப்புக்குப் பக்கத்தில், வெளியே நிற்கிறேன்.