கொடிக்கயிற்றின் உயரம்

அக்கா, உன் வீட்டுக் கொடிக்கயிறு இன்று காலையும் என் கழுத்தில் தட்டியது. உன் கைக்கு எட்டும்படி நீ கட்டியது. நீ போன பிறகும் அப்படியே இருக்கிறது.

அறுபதுகளின் கடைசியில் ராயபுரத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை நினைவிருக்கிறதா? வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் கப்பலிலும் ரயிலிலும் வேலைக்குச் சேர்ந்தவர்களின் மருத்துவச் சோதனைத் தாள்களைப் பார்த்து, அவர்கள் உயரத்தை நகலெடுக்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் தனி, ஆங்கிலோ இந்தியர்கள் தனி, நம்மவர்கள் தனி. நம்மவர்கள்தான் எல்லாரையும் விடக் குட்டை. "அது இனத்தோட வாகு" என்றார் ஆராய்ச்சி செய்ய வந்த பெரியவர். நானும் அதை நம்பி, சாயங்காலம் வீட்டில் பெருமையாக ஒப்பித்தேன்.

இறால் உரிக்கும் கொட்டகையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாய். கவிச்சி போக எலுமிச்சைத் தோலைக் கையில் தேய்த்தபடியே என்னை இழுத்துச் சுவரோரம் உன் பக்கத்தில் நிறுத்தினாய். உன் தலை என் தோளைத் தாண்டவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே வவுத்துல பொறந்தோம். அப்போ நீ இன்னா இனம், நான் இன்னா இனம்?"

அம்மா சிரித்தாள், நானும் சிரித்தேன். மறுநாள் போய் அதே மாதிரிதான் எழுதினேன்.

அப்பாவுக்கு ஹார்பரில் வேலை இல்லாத வருஷங்களில் நீ வளரும் வயதில் இருந்தாய், நான் சின்னக் குழந்தை. மாதா கோயிலில் தரும் பால் பவுடருக்கு நீதான் வரிசையில் நிற்பாய். கரைத்து என்னிடம் நீட்டி, "நீ குடி. எனக்கு அந்த வாசனையே ஆவாது" என்பாய். நீ கஞ்சித் தண்ணியோடு சரி. உனக்குப் பால் பிடிக்காது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். பல வருஷம் கழித்து, உன் மகன் மிச்சம் வைத்த பாலை நீ டம்ளரை வழித்துக் குடித்ததைப் பார்த்த அன்றுதான் எனக்குப் புரிந்தது.

நர்ஸ் ஆக வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டாய். தேர்வுக்குப் போன இடத்தில், உயரம் பார்க்கச் சுவரில் போட்டிருந்த கோட்டுக்கு ஒரு விரல் குறைந்து திரும்பி வந்தாய். "அவங்க நல்லவங்கதான். கோடுதான் மேல கீது" என்றாய். அதற்குப் பிறகுதான் இறால் கொட்டகை.

அந்த மாதிரித் தாள்களை வைத்தே இப்போது ஆராய்ச்சிக்காரர்கள் வேறு விதமாக எழுதுகிறார்கள். சின்ன வயதில் யாருக்குச் சோறு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை உயரம் காட்டிவிடுமாம். படித்த அன்றே ஓடி வந்து, நீ கேட்டதுதான் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பால் பேச்சும் வருமே என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் நீ போய்விட்டாய்.

"கயிறு தாழ்வா கீது சித்தி, ஏத்திக் கட்டட்டா?" என்று உன் மகன் கேட்டான். வேண்டாம் என்றேன்.

உன் உயரத்தில் கொஞ்சம் என்னிடம்தான் இருக்கிறது, அக்கா. கயிற்றுக்குக் கீழே குனிந்து குனிந்துதான் துணி போடுகிறேன்.