பின்வாசல் வழியாக உங்கள் அப்பாவைப் பார்க்கப் போகிறேன்

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

நீங்கள் போயிருக்கும் இடத்தில் களைப்பு என்பதே கிடையாது என்று அடக்க ஆராதனையில் குருவானவர் சொன்னார். நல்லது. இங்கே எனக்கு அது வேண்டிய மட்டும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து வந்து, வீங்கின காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். எழுதி யாருக்கு அனுப்பப் போகிறாய் என்று கேட்பீர்கள். சபைப் பத்திரிகைக்குத்தான். உங்களைப் பற்றிச் சபையார் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டல்லவா, அதற்குப் பிறகு நடந்ததையும் அவர்கள் கேட்கட்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. யுத்தம் இன்னும் முடியவில்லை. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடுகிறது. முதுகில் ஒரு அடுப்பைக் கட்டிக்கொண்டு நம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கிளம்பினால், ராஜபாளையம் போய்ச் சேருவதற்குள் நடுவழியில் நின்று மூச்சு வாங்குகிறது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ரேஷன். நம் மகள் கிருபா பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெயினிங் படிக்கிறாள். அவள் எழுதும் கடிதத்தில் உங்களைப் போலவே பாதிக்கு மேல் புத்திமதிதான்.

இனி சொல்ல வந்த விஷயம். உங்கள் அப்பா விழுந்துவிட்டார். இடது பக்கம் முழுக்க வராமல் போய்விட்டது. பேச்சும் குழறுகிறது. ராஜபாளையத்து வீட்டின் பின்கட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். பார்த்துக்கொள்வது உங்கள் தம்பி சுப்பையாவும் அவர் மனைவி வள்ளியும்தான்.

சபையார் சொல்லும் கதை உங்களுக்குத் தெரியும். நீங்கள் ஞானஸ்நானம் வாங்கியதும் மாமா உங்களை வீட்டை விட்டு அனுப்பியதும், பிறகு நம் கல்யாணத்துக்கு ஒருவரும் வராததும் எல்லாம் அதில் முன்னுரை மாதிரி. கதை என்பது அத்தை இறந்த அன்று நடந்ததுதான். ராஜபாளையத்திலிருந்து ஒரு ஆள் வந்து நம் வாசலில் நின்று, "ஐயா சொல்லச் சொன்னாவ. பின்வாசல் வழியா வந்து மொகத்தப் பாத்துட்டுச் சத்தமில்லாமப் போயிரணுமாம்" என்றான். நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "பெத்த தாயைப் பாக்கத் திருடன் மாதிரி வரமாட்டேன்னு போய்ச் சொல்லு."

போனீர்கள். ஆனால் வீட்டுக்குள் போகவில்லை. தெருமுனையில் வெயிலில் நின்றீர்கள். பாடை உங்களைத் தாண்டிப் போனது. பூமாலைக்குள்ளே முகம் தெரியவில்லை என்று திரும்பி வந்து சொன்னீர்கள். அன்று இரவு சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் பெரியவர்கள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கிறிஸ்துவுக்காக நிந்தையைச் சுமந்தவர் என்றார்கள். ஓய்வுநாள் பள்ளியில் இன்றைக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறார்கள். பெண்கள் கூட்டத்தில் நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், நல்ல ஏற்ற இறக்கத்தோடு.

அதே ஓய்வுநாள் பள்ளியில் நீங்கள் ஒரு பாடம் நடத்துவீர்கள். நாம் ஆண்டவருடைய முகத்தைப் பார்க்கப் பார்க்க அவருடைய சாயல் நமக்குள் வரும், அவரை நேருக்கு நேர் காணும் நாளில் முழுதும் அவரைப் போலவே ஆகிவிடுவோம் என்று. நானும் பின் பெஞ்சியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கேட்டு நம்பவும் செய்தேன். வயது ஏற ஏறக் கோபம் குறையும், நாக்கு அடங்கும், எரிச்சல் போகும் என்று காத்திருந்தேன். ஒன்றும் போகவில்லை அத்தான். ஆயாக்களிடம் எரிந்து விழுகிறேன். நோயாளி இரண்டாவது தடவை தண்ணீர் கேட்டால் என் முகம் சுருங்குகிறது. கண்ணாடியில் பார்த்தால் என் அம்மாவின் சாயல்தான் வந்திருக்கிறது. இன்னும் எவ்வளவு காலம் இது?

இப்படி இருக்கிற என்னிடம்தான் சுப்பையா வந்து நின்றார். வீட்டுக்குள் வரவில்லை. வேப்பமரத்தடியிலேயே நின்றார்.

"மதினி, அப்பாவுக்கு முதுகுல புண்ணு. நாத்தம் தாங்கல. வைத்தியர் குடுத்த எண்ணெய்க்குக் கேக்கல. நீங்க ஒருக்க வந்து பாக்கணும்."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டாங்க."

"வரமாட்டேங்காவ. வேதக்கார ஆஸ்பத்திரில கெடந்து சாவமாட்டேன்னு சாடை காட்டுதாவ."

"பொறவு வேதக்காரி மட்டும் அங்க வரலாமாக்கும்?"

அவர் தரையைப் பார்த்தார். "பின்னால சந்து வழியா வந்துருங்க மதினி. முன்னால வந்தா தெருவுல பேச்சாயிரும். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கேன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "ஒங்க அண்ணன் நின்ன தெருமுனைதான் எனக்கும். போயிட்டு வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அன்று ஜெபத்தில் உட்கார்ந்தபோது மனதுக்குள் ஒரு நிமிர்வு இருந்தது. நீங்கள் மேலேயிருந்து பார்த்து மெச்சியிருப்பீர்கள் என்றுகூட நினைத்தேன். மெச்சினீர்களா?

ஒரு வாரம் போயிருக்கும். வள்ளி வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து தனியாக பஸ் ஏறாதவள், முகமெல்லாம் கரியோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நிற்கிறாள். எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை.

"அக்கா, புழு வச்சிருச்சுக்கா. வெளக்கப் பக்கத்துல வச்சுப் பாத்தேன், நெளியுது. எனக்குத் தொடப் பயமா இருக்கு. மாமா அழுதாவ. சத்தமே வராம அழுதாவக்கா."

இதில் என் பக்தி ஒன்றும் கிடையாது, அதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். புழு என்று கேட்டால் நர்ஸுக்குக் கால் தானாக நடக்கும். டாக்டரம்மாவிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, டர்ப்பன்டைன் புட்டியும் இடுக்கியும் பஞ்சும் எடுத்துக்கொண்டு அவளோடு பஸ் ஏறினேன்.

பஸ் தூரத்து ஊர்களுக்கெல்லாம் போகிற பெரிய பஸ் இல்லை, ராஜபாளையத்தோடு திரும்பிவிடும் ஒன்று. ஊருக்கு வெளியே வந்ததும் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது வள்ளி மெதுவாகக் கேட்டாள். "பெரியத்தான் அடக்கத்தன்னைக்கு மாமா ஒங்க ஊருக்கு வந்தாவளே, தெரியுமாக்கா?"

எனக்குத் தெரியாது.

"ஆருக்கும் சொல்லாமப் போனாவ. பொழுது சாயத்தான் திரும்பி வந்தாவ. எங்க போனீயன்னு இவுக கேட்டதுக்கு, 'அவன் கோயிலுக்கு வாசக்கதவு ரொம்பப் பெருசு'ன்னாவ. அம்புட்டுத்தான். பொறவு அதப்பத்திப் பேசல."

அத்தான், அன்றைக்கு அந்தக் கதவு திறந்தே கிடந்தது. அதன் வழியாகத்தான் உங்களைத் தூக்கிக்கொண்டு போனோம். யாராவது வந்து "உள்ளே வாங்க ஐயா" என்று சொல்வார்கள் என்று அவர் வெளியே நின்றிருப்பார். நம் ஆட்களில் அவரை யாருக்குத் தெரியும்? கூப்பிடாமல் அவர் உள்ளே வரமாட்டார். முன்வாசலில் கூப்பிடாமல் நீங்கள் அங்கே போகமாட்டீர்கள். அதுவரை உங்கள் பிடிவாதத்தைக் கிறிஸ்துவின் சாயல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சொல்கிறேன் என்று வருத்தப்படாதீர்கள், அது உங்கள் அப்பாவின் சாயல்.

அந்தச் சந்து பற்றி என்ன சொல்ல. ஒரு ஆள் போகலாம். ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் விறகு அடுக்கு. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தொழுவத்தைத் தாண்டி, சாணியை மிதித்துக்கொண்டு போனேன். இந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக நான் முதல் தடவை வந்த லட்சணம் அது. நெஞ்சு கொதித்தது. நம் ஆண்டவர் பிறந்ததே இப்படி ஒரு இடத்தில்தானே என்று சட்டென்று தோன்றியது, ஆனாலும் கொதிப்பு அடங்கவில்லை.

மாமாவைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். புண் எலும்பு தெரியுமளவு இருந்தது. டர்ப்பன்டைன் பஞ்சை வைத்து, வெளியே வந்த புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கழுவிக் கட்டுப் போட்டபின், பழைய சேலையைச் சும்மாடு மாதிரி சுருட்டி, புண் படுக்கையில் படாமல் எப்படி வைப்பது என்று வள்ளிக்குக் காட்டிக்கொடுத்தேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போடச் சொன்னேன். அவர் உதடு காய்ந்து கிடந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஒரு கரண்டித் தண்ணீரை வாயருகே கொண்டுபோனேன்.

பல்லை இறுகக் கடித்துக்கொண்டார். வள்ளி அதே கரண்டியை வாங்கிக் கழுவி, வேறு தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். குடித்தார்.

பார்த்துக்கொள்ளுங்கள். என் கை அவர் புண்ணைத் தொடலாம், புழுவை எடுக்கலாம், ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க மட்டும் கூடாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். இரக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்தான். இனி போகமாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டேன். கட்டு மாற்ற வேண்டிய நாள் வந்ததும் போனேன்.

அப்படியே போய்க்கொண்டிருக்கிறேன். வேலை முடிந்து மில் சங்கு ஊதுகிற நேரத்துக்கு அங்கே போய்ச் சேர்ந்து, கடைசி பஸ்ஸில் திரும்புகிறேன். பல நாள் சாப்பிடாமலே படுத்துவிடுகிறேன். எனக்கு யாரும் இதில் தேவதூதர் வேஷம் போட்டுவிட வேண்டாம். போகும்போதும் முணுமுணுப்புத்தான், வரும்போதும் முணுமுணுப்புத்தான்.

ஒரு நாள் தாடி அடர்ந்துபோய் அவருக்கு அரித்தது. சவரம் பண்ணிவிட்டேன். சோப்பு நுரையை வழித்து எடுத்தால் அடியில் உங்கள் தாடை. அதே குழி, கீழுதட்டில் அதே சின்னக் கோணல். எனக்குக் கை நின்றுவிட்டது. உங்களைப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது அத்தான். எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? கத்தியைக் கீழே வைத்துவிட்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. அதற்காகத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். இன்றுவரை என் கையால் குடிக்கவில்லை.

போன வாரம் சுப்பையா சந்து முனையில் எனக்காகக் காத்திருந்தார். வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டு, "மதினி, இனிமே முன்வாசல் வழியாவே வாங்க. ஆரு என்ன பேசுனாலும் பேசட்டும். எனக்கு வெக்கமா இருக்கு" என்றார்.

"தொட்டியும் அடுப்பும் பின்னாலதான இருக்கு. முன்னால வந்தா சுத்திக்கிட்டுல்லா போகணும். வெந்நி போட்டாச்சான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பாதி சந்து போன பிறகுதான் அவர் என்ன சொன்னார் என்பதே எனக்கு உறைத்தது. உங்களைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே காத்திருந்தேன். வரும்போது எப்படி நடக்க வேண்டும், எந்தச் சேலை கட்ட வேண்டும் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அது வந்தபோது எனக்கு வெந்நீர்தான் கவலையாக இருந்திருக்கிறது. நான் யோசித்துப் பேசவில்லை. பெருந்தன்மை காட்டவும் இல்லை. அந்த ஆசை எப்போது என்னைவிட்டுப் போனது? யார் எடுத்தது?

நீங்கள் சொன்ன மாற்றம் இதுதானா? எனக்குத் தெரியவில்லை. மறுநாளே பஞ்சுப் பெட்டியைத் திறந்து போட்டதற்கு ஆயா மரியம்மாளை அழவைத்துவிட்டேன். குருவானவர், அந்தக் குடும்பத்தை நான் ஜெயித்ததைப் பெண்கள் கூட்டத்தில் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்கிறார். யாரையும் ஜெயிக்கவில்லை ஐயா, புண் ஆறுகிறது, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன்.

புண் ஆறுகிறது, ஆனால் மூச்சு குறைகிறது. டாக்டரம்மாவை ஒரு நாள் கெஞ்சி அழைத்துப் போய்க் காட்டினேன். அதிக நாள் இல்லை என்றார். மாமா போனதும் அவரை முன்கட்டில் கிடத்துவார்கள். தெரு முழுக்கக் கூடும். சுப்பையா நல்லவர், ஆனால் பங்காளிகள் நிற்கும்போது அவர் வாய் திறக்குமா என்று எனக்குத் தெரியாது. என்னை எங்கே நிற்கச் சொல்வார்களோ.

ஒன்று உங்களிடம் கேட்க வேண்டும். அத்தையை அங்கே பார்த்தீர்களா? இதற்குப் பதில் இங்கே ஒருவரும் எனக்குச் சரியாகச் சொல்வதில்லை. இனிமேல் பார்த்தால், எந்த வாசலில் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் ஓடிப் போங்கள்.

நான் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். தெருமுனையில் நிற்கமாட்டேன். பின்வாசல் என்றால் பின்வாசல், தொழுவம் என்றால் தொழுவம், பெண்களுக்கெல்லாம் பின்னால் என்றால் அங்கே. காத்திருந்து, மாலையை விலக்கச் சொல்லி, உங்கள் அப்பாவின் முகத்தை உங்களுக்கும் சேர்த்து ஒருதரம் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். பார்த்தால்தான் மாறுவோம் என்று நீங்கள்தானே அத்தான் சொல்லிக்கொடுத்தீர்கள்.

உங்கள் மனைவியும்,
ராஜபாளையத்து வீட்டின் மூத்த மருமகளுமான
எஸ்தர்