உயிரோடிருப்பவருக்கு ஓர் இரங்கல் செய்தி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். நீயும் நலம் என்று நீ சொல்வதை வைத்து நம்பிக்கொண்டிருக்கிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். அதனால்தான் கடிதம். கூரியரில் நாளைக்கே கிடைத்துவிடும் என்றார்கள்.

இதழியல் வகுப்பில் பயிற்சிக்காக, உயிரோடிருப்பவருக்கு இரங்கல் செய்தி எழுதச் சொன்னார்கள், சரி. அதற்கு உன் அப்பாதான் கிடைத்தாரா? எழுதியதைப் பேராசிரியருக்கு அனுப்பாமல் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாயே. நீ அழிப்பதற்குள் பாதிப் பேர் படித்துவிட்டார்கள். அத்தை ஓவென்று அழுதுகொண்டே போன் செய்தாள். எடுத்தது அப்பா. நான்தான் பேசறேன், அழாதே என்று இவர் சொன்னதும், உயிரோட இருந்தா முதல்லயே சொல்றதுக்கென்ன என்று இவரையே திட்டினாள். சித்தப்பா பஸ் ஏறி வந்தே விட்டார்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. உன்னிடம் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு வரும் வியாழக்கிழமை இதயத்தில் அறுவை சிகிச்சை. பணிமனையில் பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை பார்க்கும்போது மூச்சு முட்டியிருக்கிறது. பரீட்சை நேரம், அவகிட்ட மூச்சு விடாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். பயப்பட வேண்டாம் என்கிறார் டாக்டர். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சொட்டாத குழாயைக் கழற்றி மாட்டுகிறார். நன்றாக ஓடுகிற மின்விசிறிக்கு எண்ணெய் விடுகிறார். நீ அழிப்பதற்குள் சித்தப்பா தன் போனில் எடுத்து வைத்திருந்த அந்தச் செய்தியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, நடுநடுவே எடுத்துப் படிக்கிறார். செத்துப்போனதாக எழுதியதில் அவருக்குக் கோபமே இல்லை. 'அதிகம் பேசாத, அமைதியான மனிதர்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதுதான் அவரைக் குடைகிறது. நான் எங்கே அமைதியா இருந்தேன், அவ உட்கார்ந்து கேட்டிருந்தா எவ்வளவோ சொல்லியிருப்பேனே என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார்.

ஆளை நேரில் பார்த்துக் கேட்காமல் எதையும் எழுதக் கூடாது என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்ததாக நீதானே பெருமையடித்தாய். பரீட்சையை அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் கண்ணு. புதன்கிழமைக்குள் வந்துவிடு. அவர் எதிரில் உட்கார்ந்து கேள். அவர் போதும் என்று சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இரு.

நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும். அவர் நிறையப் பேச வேண்டும்.

வாசலையே பார்த்திருக்கும்,
அம்மா