சுகுணா அக்காவின் கல்யாண சிடி

குட்வில் எஸ்டேட், போர்ட் பிளேர்
12.8.2007

அன்புள்ள அம்மாவுக்கு, பானு வணங்கி எழுதுவது. உங்கள் முட்டி வலி தேவலையா? இங்கே எனக்குச் சாப்பாட்டுக்குக் குறை இல்லை.

நான் வேலை செய்யும் வீட்டு சார் மெயின்லேண்டிலிருந்து புது டிஸ்க் பிளேயர் கொண்டுவந்தார். படம் கண்ணாடி போல் தெரியுமாம். இந்த மாதிரி பிளேயரில் இரண்டு வகையாம். ஒன்றின் டிஸ்க் மற்றதில் ஓடாது. "அரே, ரெண்டுல எது மார்க்கெட்ல நிக்கும்னு தெரியாம ஏன் வாங்கினே?" என்று அவர் நண்பர் சண்டை பிடித்தார்.

எனக்கு வேறு ஆசை. சுனாமியில் அப்பாவோடு அவர் போட்டோக்களும் போய்விட்டன. சுகுணா அக்கா கொடுத்த கல்யாண சிடியில் மட்டும் அவர் சாம்பார் வாளியோடு பந்தியில் வருவார். கூச்சத்தை விட்டுக் கேட்டேன். சாரும் போட்டார். பெரிய டிவியில் அப்பாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது.

"எடுத்தப்பவே தெளிவு இவ்ளோதாம்மா. இல்லாததை எந்த மெஷினும் காட்டாது" என்றார் சார். நான் அழவில்லை, டீ போடப் போய்விட்டேன்.

முத்துவீரன் மாமா அங்கே வர, கச்சால் தீவுக் கப்பலுக்குக் கிளம்பிவிட்டார். திரும்பும்போது அவரிடம் கொஞ்சம் கருவாடு கொடுத்தனுப்புங்கள். இன்னொன்று, அப்பாவுக்கு ரப்பர் மரம் வெட்டுகிற கத்தி பட்ட தழும்பு எந்தப் புருவத்தில் என்று எழுதுங்கள். இப்போது யோசித்தால் எனக்கு இரண்டு பக்கமும் தெரிகிறது.

பானு