எட்டு இலக்கத்தில் நின்றுபோன முனியம்மா

அண்ணே,

இன்று மாலை, சிரம்பானை ஒட்டிய ராசாவில், எங்கள் சந்துக்குக் கொசுப்புகை அடிக்கும் வண்டி வந்தது. சன்னலைச் சாத்துவதற்குள் வாடை அறைக்குள் நுழைந்துவிட்டது. மண்ணெண்ணெயும் அழுகிய பூண்டும் சேர்ந்தாற்போல. வீட்டுக்கார அம்மா, "கொசு செத்தா சரிலா" என்று டிவியைப் போட்டார். அன்று முனியம்மாவின் சட்டையில் இருந்த வாடை இதுதான். நீங்கள் இறந்து நாற்பது நாளாகிறது. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணியாததை இப்போது எழுதுகிறேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

அப்போது லிங்கிப் பக்கத் தோட்டத்தில் நீங்கள் டிரஸ்ஸர். ஒற்றை அறைக் கிளினிக்கில் காயம் கட்டுவதும், ஊசி போடுவதும், யாரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று முடிவு செய்வதும் நீங்கள்தான். நான் சிரம்பானில், அதே கம்பெனியின் தலைமை அலுவலகத்தில், கம்ப்யூட்டர் பிரிவுக்குப் புதியவள். ஆறு மாதத் தற்காலிக வேலை. தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து அந்த அலுவலகத்துக்குப் போய், தேத்தண்ணி கலக்கிக் கொடுக்காமல் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் நான்.

எண்ணெய் எடுக்கும் செம்பனைக்குப் பூச்சிமருந்து அடிக்கும் பெண்களுக்கு அவ்வப்போது இரத்தம் எடுப்பார்கள். உடம்பில் மருந்து ஏறியிருந்தால் அவளை அந்த வேலையிலிருந்து நிறுத்த வேண்டும். முடிவுகள் நேராக எங்களிடம் வரும். அடையாள அட்டை எண்ணைத் தட்டி முடிவைப் பதிந்தால், யார் வேலைக்குத் தகுதி, யாரை நிறுத்துவது என்று பட்டியல் அச்சாகித் தோட்டத்துக்குப் போகும். முகமூடி கேட்ட பெண்களிடம் துணியைக் கட்டிக்கொள்ளச் சொன்ன கம்பெனி, பட்டியல் அடிக்கும் இயந்திரத்துக்குக் குளிர்சாதன அறை கட்டியிருந்தது. அந்தப் பட்டியலுக்கான எஸ்.க்யூ.எல். கட்டளை வரிகளை எழுதியவள் நான்.

திங்கட்கிழமை காலை தொலைபேசியில் அழைத்தீர்கள்.

"தங்கச்சி, ஒன் லிஸ்டு பாப்பாத்திய நிறுத்துங்குது, முனியம்மா வேலைக்குப் போலாங்குது. இங்க பாப்பாத்தி மான் மாதிரி ஓடுறா. முனியம்மாவுக்குக் கண்ணு பாப்பா கடுகா சுருங்கிக் கெடக்கு. வாயில தண்ணியா ஊறுது. எங்கியோ மாறிப்போச்சுலா."

எங்கள் பிரிவுத் தலைவர் எதிர் மேசையில் இருந்தார். பிழை என்று நானே ஒப்புக்கொண்டால் ஆறு மாதம் அன்றோடு முடியும். திரும்பவும் லயம், திரும்பவும் பால்மரம் சீவும் வேலை.

"நான் செக் பண்ணிட்டேன் அண்ணே. எல்லாம் சரியா இருக்கு."

செக் பண்ணவில்லை. ஒரு விசையைக்கூடத் தொடவில்லை.

செவ்வாய் காலை முனியம்மா கையில் துடைப்பத்தைக் கொடுத்துக் கிளினிக்கிலேயே வைத்துக்கொண்டீர்களாம். வேலை வாங்கும் மண்டோர் போய் மேனேஜரிடம் சொன்னான். பட்டியல் தகுதி என்று சொல்லும் ஆளை வேலைக்குப் போகவிடாமல் தடுத்ததற்காக உங்களுக்கு அன்றே எச்சரிக்கைக் கடிதம் வந்தது. முனியம்மா மருந்து நிரப்பிய தோம்பை முதுகில் தூக்கிக்கொண்டு பனைக்குள் போனாள். புதனன்றும் போனாள்.

மறுபடி அழைத்தீர்கள். இம்முறை தலைவரே எடுத்தார். "மெசின் பொய் சொல்லாதுலா. லீவு வேணும்னா இந்த ஆளுங்களுக்குக் கை நடுங்கும்" என்று போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வியாழனன்று முனியம்மாவை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து, விழாமலிருக்கத் துண்டால் உங்களோடு சேர்த்துக் கட்டி, அலுவலகத்துக்கே கொண்டுவந்துவிட்டீர்கள். காவலாளி கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தார்.

"லிஸ்ட நீயே வச்சுக்க. ஆளப் பாரு" என்றீர்கள்.

பார்த்தேன். குளிரூட்டிய அறையில் அவளுக்கு வேர்வை வழிந்தது. எச்சிலைத் துண்டில் ஒற்றிக்கொண்டே இருந்தாள். அடையாள அட்டையை நீட்டிய கை மேசையில் தாளம் போட்டது. என் அம்மாவும் மருந்தடித்தவள்தான்.

பதிவு செய்யும் பெண்கள் எண்ணை மட்டும்தான் தட்டுவார்கள். திரையில் பெயர் வராது. நான் பெயரையும் காட்டச் சொல்லிவிட்டு அவளுடைய பன்னிரண்டு இலக்கத்தையும் தட்டினேன். திரையில் பாப்பாத்தி வந்தாள். இன்னொருமுறை தட்டினேன். அப்போதும் பாப்பாத்தி.

முனியம்மா எட்டிப் பார்த்தாள். "என்னாவாம்?"

"ஒங்க நம்பருக்குப் பாப்பாத்தி பேரு வருதுக்கா."

"வரும் வரும். ரெண்டு பேரும் ஒரே நாள்ல பொறந்தவளுங்க, தோட்டத்து ஆபீஸ் கிராணி எழுதுன கணக்குல. பொறப்புப் பதிய டவுனுக்குப் போற அன்னிக்கு, அதுவரைக்கும் பொறந்த புள்ளைங்க எல்லாத்துக்கும் அந்தத் தேதியவே போட்டுட்டு வந்துருவாரு. நெசத்துல அவ எனக்கு எட்டு மாசம் சின்னவ."

சிரிக்கப் போனவளுக்கு இருமல் வந்துவிட்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. புது அட்டையின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு மாநிலம். ஆளுக்கு ஆள் வேறுபடுத்துவது கடைசி நான்குதான். எட்டுக்குள் அடங்கிய பழைய அட்டை எண்ணுக்காக எழுதிய வரிகளை அப்படியே படியெடுத்திருந்தேன். அட்டவணையில் எண்ணுக்கான இடத்தைப் பன்னிரண்டாக அகலப்படுத்தியவள், எண்ணை உள்ளே வாங்கும் பாராமீட்டரின் நீளத்தை எட்டாகவே விட்டிருந்தேன். பன்னிரண்டு இலக்கம் அனுப்பினால் எட்டை வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடும். பிழை என்று ஒரு வார்த்தை காட்டாது. அந்த எட்டு இலக்கத்தில் தொடங்கும் முதல் ஆளை எடு என்று சொல்லியிருந்தேன், அதுவும் எடுத்தது. பிறந்த நாள் தனியாக உள்ளவர்களுக்கு எல்லாம் சரியாக வந்தது. கிராணி ஒரே தேதியில் அடைத்த பிள்ளைகள் மட்டும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். முனியம்மாவின் இரத்தம் பாப்பாத்தியின் பெயரில் ஏறியது. முனியம்மா பெயருக்கு நேரே பழைய 'தகுதி' அப்படியே நின்றது.

எட்டை அழித்துப் பன்னிரண்டு என்று போட்டேன். மூன்றே விசை. முடிவுகளை மறுபடி ஏற்றியபோது முனியம்மாவோடு இன்னும் நான்கு பெண்கள் நிறுத்த வேண்டிய பட்டியலுக்கு வந்தார்கள்.

தலைவர் முகம் வெளுத்தது. "புது லிஸ்ட அடி. பழசக் கிழிச்சுப் போடு. வெளிய பேசாத" என்றார்.

நீங்கள் அசையவில்லை. "எப்பத்துலேருந்து தப்புன்னு எழுதிக் குடு தங்கச்சி. ஆஸ்பத்திரியில கேப்பாங்க."

எழுதினேன். தலைவர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார். தவறான பட்டியல் எந்த மாதத்திலிருந்து போனது என்று எழுதினேன். 'பிழை இன்று கண்டறியப்பட்டது' என்று முடித்துக் கையெழுத்திட்டேன். திங்கட்கிழமையைப் பற்றி எழுதவில்லை. நீங்கள் தாளைப் படித்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டீர்கள்.

"சரி. மொதல்ல இவள அட்மிட் பண்ணணும்."

முனியம்மா பிழைத்துக்கொண்டாள். வலது கை நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. கோப்பியை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறாள். பிழை வியாழனன்றுதான் தெரிந்தது என்று என் தாள் சொன்னதால், செவ்வாயன்று நீங்கள் அவளைத் தடுத்தது ஆதாரமில்லாத அடங்காமை ஆயிற்று. எச்சரிக்கைக் கடிதம் ரத்தாகவில்லை. அடுத்த மாதம் உங்களைக் கெமாஸ் பக்கம் ஒரு தோட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள். எனக்கு வேலை நிரந்தரமானது.

ஒருமுறை சிரம்பான் பஸ் நிலையத்தில் பார்த்தோம். "என்னாலா, எல்லா எடத்துலயும் பன்னெண்டு ஆக்கிட்டியா?" என்று கேட்டீர்கள். உங்கள் பஸ் வந்தது. சொல்வதற்கு நேரம் இருந்தது, அண்ணே. ஓட்டுநர் இறங்கிச் சிகரெட் பிடித்துவிட்டு ஏறும்வரை நேரம் இருந்தது.

இன்றைக்கும் வரிகளை எழுதி முடித்ததும் ஒரே தேதியில் பதிந்த இரண்டு பெண்களின் எண்களைக் கொடுத்துப் பார்க்கிறேன். திரை ஒன்றும் சொல்லாமல் இருந்தால் மனம் கெட்டதையே நினைக்கிறது. இலக்கங்களை விரல்விட்டு எண்ணுகிறேன்.

நான் எழுதாமல் விட்டது இது: பட்டியல் தவறு என்று டிரஸ்ஸர் திங்கட்கிழமை காலையே தெரிவித்தார். நான் சரிபார்க்காமல், சரிபார்த்ததாகப் பதில் சொன்னேன். அதன் பிறகு முனியம்மா இரண்டு நாள் மருந்தடித்தாள்.

நாளைக் காலை இதைத் தட்டிக் கையெழுத்திட்டுக் கம்பெனிக்கு ஒன்று, முனியம்மாவுக்கு ஒன்று, உங்கள் வீட்டு அண்ணிக்கு ஒன்று அனுப்பப் போகிறேன். என்னை வெளியே போகச் சொல்லலாம். முனியம்மா என் முகத்தில் துப்பலாம்.

பயமாகத்தான் இருக்கிறது, அண்ணே.