தண்ணி ஊசி

என் ஆசை மாமாவுக்கு,

சுவரில் மாட்டியிருக்கும் உங்கள் படத்தை நிமிர்ந்து பார்க்கவே கூசுகிறது. பேச வாய் வரவில்லை, எழுதுகிறேன்.

வலையில் மீன் பிரிக்கும்போது உங்களைக் கடல் பாம்பு கடித்தது. விஷமுறிவு ஊசி போட்டும் நீங்கள் பிழைக்கவில்லை. அதன் பிறகு நான் சும்மா இருந்தேனா? மீன் ஏலத்தில், திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில், பஸ்ஸில், போன இடமெல்லாம், "அது வெறும் தண்ணி ஊசி, ஏமாத்திட்டானுவ" என்று கத்தினேன்.

போன வாரம் பக்கத்து வீட்டு வள்ளி விறகு எடுக்கும்போது கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. ஆட்டோவைக் கூப்பிட்டால் ஏறமாட்டேன் என்கிறாள்.

"நீதானக்கா சொன்ன, தண்ணி ஊசின்னு! பச்சிலை கட்டிக்கிறேன், உடு."

எனக்குச் சப்பென்று அறைந்தது போலிருந்தது. கால் வீங்கி, ஈறில் ரத்தம் கசிந்த பிறகுதான் அவளை இழுத்துப்போட்டுக்கொண்டு சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கேயும் என் வாய் நிற்கவில்லை. "கடல் பாம்பு கடிச்ச எங்க வீட்டுக்காரருக்குக் கேக்காத ஊசி இவளுக்கு மட்டும் கேக்குமா?" என்று டாக்டரம்மாவிடம் சண்டைக்கு நின்றேன்.

வள்ளிக்கு ஊசி ஏற்றிவிட்டு வந்து அவர் சொன்னார்: "குதிரைக்கு நாலு பாம்போட விஷத்தக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவாங்கம்மா. அது ஒடம்புல விஷத்த எதிர்க்கிற ஆன்டிபாடி ஊறும். அதத்தான் மருந்தாக்குறாங்க. ஆன்டிபாடி கவட்டை மாதிரி இருக்கும். விஷத்தப் புடிக்கிறது அதோட ரெண்டு நுனியும்தான். எந்த விஷத்துக்கு ஊறுச்சோ அந்த வடிவத்துக்குத்தான் நுனி பொருந்தும். விரியன் அந்த நாலுல ஒண்ணு. கடல் பாம்பு அதுல இல்ல. அதுக்கு இங்க மருந்தே இல்லம்மா."

உங்களுக்குப் போட்டதும் நல்ல மருந்துதான், மாமா. உங்கள் உடம்பிலிருந்த விஷத்தை அதற்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். யாரும் ஏமாற்றவில்லை. எனக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. உங்களைக் காப்பாற்ற ஒன்றுமே இல்லை என்பதை எப்படித் தாங்குவேன், சொல்லுங்கள்?

வள்ளி பிழைத்துவிட்டாள். லேட்டாக வந்ததால் கிட்னி கெட்டு, டயாலிசிஸ் ஓடுகிறது. நேற்றுக் கஞ்சி கொண்டுபோனேன். திட்டுவாள் என்று பார்த்தால், "நீ சாப்டியாக்கா?" என்கிறாள். சீ, என்ன பிறவி நான்!

நாளை விடியற்காலை ஏலத்துக்குப் போகிறேன். தண்ணி ஊசி என்று கத்திய அதே இடத்தில் நின்று, நான் சொன்னது பொய், பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று கத்துவேன். சிரித்தால் சிரிக்கட்டும். அதற்குப் பிறகு உங்கள் முகத்தைப் பார்க்கிறேன்.

உங்கள் வாயாடிப் பெண்டாட்டி,
செல்வி