டிராயரில் கிடந்த ரேம்

அக்கா,

காலையிலிருந்து என் விரலெல்லாம் ரப்பர் வாசனை. பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பர்தான். நீங்கள் உட்கார்ந்து வேலை பார்த்த அந்தக் கம்ப்யூட்டர் இப்போது ரொம்பத் திணறுகிறது. நினைவகத்துக்கு இன்னொரு ரேம் அட்டை சேர்த்தால் வேகம் கூடும் என்று மேசை டிராயரைக் கிளறினேன். பழைய ரேம் ஒன்று கிடந்தது. அதன் மஞ்சள் விளிம்பை ரப்பரால் தேய்த்துத் துடைத்துச் செருகினேன். அரை மணி நேரம்கூட ஓடவில்லை. உங்களிடம் நின்ற மாதிரியே திரை நீலமாகி நின்றுவிட்டது.

ரேமைக் கழற்றி வெளியே எடுத்தேன்.

கீழப்பழுவூரிலிருந்து ஒன்பது மணி பஸ்ஸில் வந்து அரியலூரில் இறங்குவீர்கள். நம் டிடிபி கடையில் வாசல் பக்கத்துக் கம்ப்யூட்டர் எனக்கு, சுவரோரம் இருந்தது உங்களுக்கு. காதணி விழாப் பத்திரிகை, கோயில் மலர் என்று படம் நிறைய வரும் வேலையெல்லாம் உங்கள் தலையில்தான். வேலை பெருகும்போதுதான் அது நிற்கும். நான் வந்து ஒரு பக்க விண்ணப்பம் அடித்துப் பார்ப்பேன், ஒன்றும் ஆகாது.

"எனக்கு ஓடுது, உங்களுக்கு மட்டும் எப்படிக்கா நிக்குது?"

"பொட்டியக் கழட்டி ஒரு தடவ பாத்துடுங்க தம்பி" என்பீர்கள். எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். நான் கழட்டவில்லை. சோம்பேறித்தனம், வேறென்ன.

ஆண்டிமடத்துக்காரர் ஒருவர் கும்பாபிஷேக மலர் அடிக்கக் கொடுத்திருந்தார். பத்து நாள் உழைத்து முடித்தீர்கள். அவர் பார்க்க வந்த அன்று ஃபைல் திறக்கவே இல்லை. அவர் என்னைத் திட்ட, நான் அவர் எதிரிலேயே உங்கள் மேல் பாய்ந்தேன். "உங்களுக்குக் கைராசியே இல்லக்கா. நீங்க தொட்டாலே நின்னுடுது."

சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, "சரி தம்பி, போயிட்டு வரேன்" என்றீர்கள். அப்புறம் வரவே இல்லை.

அன்று சாயந்தரம்தான், ஆத்திரம் அடங்காமல், பெட்டியைத் திறந்து இரண்டு ரேமில் ஒன்றைப் பிடுங்கி டிராயரில் போட்டேன். இன்று கிடைத்தது அதுதான். மறுநாளிலிருந்து கம்ப்யூட்டர் மெதுவாக ஓடியது, ஆனால் நிற்கவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கணும். இந்த வேலையில் முதல் பாடமே அதுதான். நான் ஒரே நாளில் ரேமையும் எடுத்தேன், உங்களையும் அனுப்பினேன். ரேமை எடுத்தது ஞாபகத்துக்கே வரவில்லை. "அந்த அக்கா போனதும் மிஷின் சரியாயிடுச்சு பாருங்க" என்று டீக்கடையில் நின்று மற்ற டிடிபி கடைக்காரர்களிடம் சொல்லிச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு நீங்கள் மூன்று கடையில் வேலை கேட்டீர்கள். யாரும் சேர்க்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. கீபோர்டைப் பார்க்காமலே தமிழ் அடிக்கிற நீங்கள், பெரம்பலூர் ஜவுளிக்கடையில் சேலை மடித்துப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். போன ஆடியில் மஞ்சள் காமாலையில் போய்விட்டீர்கள். நான் வந்தேன். மாலையைப் போட்டுவிட்டு, உங்கள் வீட்டுக்காரர் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பிவிட்டேன்.

இன்றுதான், நீங்கள் சொன்னபடி ஒழுங்காகப் பார்த்தேன். பழைய ரேமை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டுச் சோதனை ஓட்டினேன். திரை முழுக்கப் பிழை காட்டும் சிவப்பு வரிகள். இரண்டாவது ஸ்லாட்டிலும் அதேதான். நல்ல ரேமை அதே இரண்டு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டேன். ஒரு பிழைகூட இல்லை. படம் நிறைய ஏறினால்தான் நினைவகம் அந்தப் பழுதான இடம் வரை நிரம்பும், என் ஒரு பக்க விண்ணப்பம் அங்கே எட்டவே இல்லை. மதியம் ஆகிவிட்டது. சாப்பிடத் தோன்றவில்லை. கடையைச் சாத்திவிட்டு அந்த மூன்று கடைக்கும் போனேன்.

இரண்டு பேருக்கு உங்களை நினைவே இல்லை. மூன்றாமவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓ, அந்தக் கைராசி இல்லாத அக்காவா?" என்றார். ரேமைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். "செத்துப் போனவங்க. இப்ப எதுக்குங்க அதெல்லாம்?" என்று வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். உங்கள் பேர் அவருக்குத் தெரியவில்லை அக்கா. நான் வைத்த பேர்தான் தெரிகிறது.

ரேம் என் சட்டைப் பையில் இருக்கிறது. நாளைக்குக் கீழப்பழுவூர் போய் உங்கள் வீட்டுக்காரர் கையில் கொடுத்துச் சொல்லணும். அவர் என்னைத் திட்டினால் நல்லது. ஆனால் இதைச் சொல்லவேண்டியது அவரிடம் இல்லையே, உங்களிடம்தானே.

பொட்டியக் கழட்டிப் பாத்துட்டேன்க்கா. உங்க மேல தப்பு இல்ல.